உடம்பில் ஒரு குறையும் இல்லை, ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி: இனி என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 33 வயது. உடன் வேலை பார்ப்பவரின் அறுவை சிகிச்சைக்காக முதல்முறையாக ரத்தம் கொடுத்தேன். சில நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து அழைத்து, ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்றார்கள். வேறோர் ஆய்வகத்திலும் பார்த்தேன், அதே முடிவுதான். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. 38, நார்மல் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. மருத்துவரிடம் காட்டியபோது, "நீங்கள் வெறும் கேரியர்தான், கிருமியைச் சுமப்பவர் மட்டுமே. அறிகுறி எதுவும் இல்லையே, ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார். எனக்கு மஞ்சள் காமாலை வந்ததே இல்லை. காய்ச்சலென்று படுத்ததுகூட அபூர்வம். இது எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை. மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. வாய்விட்டுக் கேட்கவில்லையே தவிர, என்னைச் சந்தேகப்படுகிறாள் என்பது தெரிகிறது. அம்மா எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வைத்துவிட்டார். நான்கு வயது மகளைத் தூக்கவே பயமாக இருக்கிறது. இவ்வளவு நன்றாக இருக்கும் என்னிடமிருந்து மற்றவர்களுக்கு நோய் பரவுமா? இத்தனை வருடத்தில் யார் யாருக்குக் கொடுத்திருப்பேன்?

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

முதலில் மகளைத் தூக்கிக்கொள்ளுங்கள். மடியில் வைத்துக்கொள்வது, முத்தமிடுவது, ஒரே படுக்கையில் உறங்குவது, ஒரே தட்டில் சாப்பிடுவது, இருமல், தும்மல், வியர்வை, ஒரே கழிப்பறை என்று எதனாலும் ஹெபடைடிஸ் பி பரவாது. கல்லீரலைத் தாக்கும் இந்த வைரஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும் வழிகள் மூன்றுதான்: ரத்தம், உடலுறவு, பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கு. தனித் தட்டும் தனி டம்ளரும் யாரையும் காப்பாற்றப் போவதில்லை, உங்களைத்தான் காயப்படுத்தும். அம்மா பயத்தில் செய்கிறார். அவரிடம் கோபப்படாமல் இந்தப் பதிலை வாசித்துக் காட்டுங்கள்.

வீட்டில் பிரித்து வைக்க வேண்டியவை வேறு. சவர பிளேடு, பல்துலக்கும் பிரஷ், நகவெட்டி ஆகிய மூன்றும் உங்களுடையது உங்களுக்கு மட்டும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் ஒட்டியிருந்தாலும் போதும். உடம்புக்கு வெளியே இந்த வைரஸ் குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கும். காயம் பட்டால் பிளாஸ்டர் போட்டு மூடுங்கள். தரையில் ரத்தம் சிந்தினால், கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து துடையுங்கள். வீட்டுக்குள் இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

அடுத்து, இந்த வாரமே நடக்க வேண்டிய வேலை. உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கிய வரி, மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி என்பது. உங்கள் கல்லீரலைப் பற்றிப் பேச நேரம் இருக்கிறது. அவருடைய பரிசோதனைக்கு அவ்வளவு நேரம் இல்லை. கர்ப்பகாலப் பரிசோதனைகளோடு சேர்த்து ஏற்கெனவே எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்ற ஹெபடைடிஸ் பி பரிசோதனையைச் செய்திருக்கலாம், அந்தக் கோப்பை எடுத்துப் பாருங்கள். பார்த்திருந்தாலும், உங்களுக்குத் தொற்று இருப்பது தெரிந்துவிட்டதால், இப்போது மூன்று பரிசோதனைகளும் சேர்த்துச் செய்ய வேண்டும்: எச்.பி.எஸ்.ஏ.ஜி., ஆன்டி எச்.பி.எஸ்., ஆன்டி எச்.பி.சி. முதலாவது, வைரஸ் இப்போது உடம்பில் இருக்கிறதா என்று சொல்லும். இரண்டாவது, பாதுகாப்பு இருக்கிறதா என்று சொல்லும். மூன்றாவது, எப்போதாவது தொற்றியிருக்கிறதா என்று சொல்லும்.

மூன்று விதமான முடிவு வரலாம். அவருக்கு ஏற்கெனவே எதிர்ப்பு சக்தி இருக்கலாம். தடுப்பூசியால் வந்திருக்கலாம், அல்லது உங்களிடமிருந்து தொற்றி அவர் அறியாமலே குணமாகியிருக்கலாம். வயது வந்தபின் தொற்றுபவர்களில் 100-க்கு 95 பேருக்கும் மேல் உடம்பே வைரஸை விரட்டிவிடும். அப்படியிருந்தால் கவலை முடிந்தது. இரண்டாவது, தொற்றும் இல்லை, பாதுகாப்பும் இல்லை என்று வரலாம். அப்போது உடனே தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். கர்ப்பகாலத்தில் இந்த ஊசி பாதுகாப்பானது. இதில் உயிருள்ள வைரஸ் கிடையாது, அதன் மேலுறைப் புரதம் மட்டும்தான். வழக்கமாக முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்று ஊசி. கடைசி ஊசி போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்பு சக்தியை அளந்து, அது 10 யூனிட்டோ அதற்கு மேலோ இருப்பது உறுதியாகும் வரை உறவின்போது ஆணுறை கட்டாயம்.

மூன்றாவது, அவருக்கும் பாசிட்டிவ் என்று வரலாம். அப்படி வந்தாலும் இடிந்துபோகாதீர்கள். ஐந்தாம் மாதத்திலேயே தெரிந்துகொண்டது குழந்தைக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு. அவருடைய ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று அளப்பார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 2,00,000 யூனிட்டுக்கு மேல் இருந்தால் டெனோஃபோவிர் என்ற மாத்திரை கொடுப்பார்கள். பொதுவாக 28-வது வாரத்துக்குள் தொடங்கிவிடுவார்கள். குழந்தை பிறந்து 24 மணி நேரத்துக்குள், முடிந்தால் 12 மணி நேரத்துக்குள், முதல் தடுப்பூசியும், உடனடிப் பாதுகாப்பு தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட்டுவிட வேண்டும். எந்த மருத்துவமனையில் பிரசவமோ அங்கே இந்த இரண்டும் கையிருப்பில் இருக்குமா என்று எட்டாம் மாதமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நள்ளிரவில் குழந்தை பிறந்துவிட்டு, மருந்துக்காக மறுநாள் மாலை வரை அலையும் நிலை வரக்கூடாது. இந்தத் தொற்று இருக்கிறது என்பதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். தடுப்பூசிகளை எல்லாம் முடித்தபின், குழந்தைக்கு ஒன்பது மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் ஒருமுறை ரத்தம் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

மனைவிக்குத் தொற்று இல்லை என்றாலும், பிறக்கும் குழந்தைக்கு அந்த 24 மணி நேர ஊசியைத் தவறவிடாதீர்கள். மகளின் தடுப்பூசி அட்டையையும் பாருங்கள். சிறுவயதில் போட்டிருந்தாலும் அவளுக்கும் ஒருமுறை பரிசோதித்துவிடுவது நல்லது.

"இவ்வளவு நன்றாக இருக்கும் என்னிடமிருந்து பரவுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். பரவும். நன்றாக இருப்பதற்கும் பரவாமல் இருப்பதற்கும் இந்த நோயில் தொடர்பே இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இதைப் புரிந்துகொண்டால், அடுத்த முப்பது வருடத்துக்கு உங்கள் உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது உங்களுக்கே தெளிவாகிவிடும்.

ஹெபடைடிஸ் பி வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் புகுந்து, அதன் கருவுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. அங்கிருந்து தன் நகல்களை எடுத்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. ஆனால், தான் குடியிருக்கும் செல்லை அது நேரடியாகக் கொல்வதில்லை. செல்லைக் கொல்வது நம் நோய் எதிர்ப்பு அணுக்கள்தான். வைரஸ் புகுந்த செல்லை அடையாளம் கண்டு அவை தாக்கும்போதுதான் கல்லீரல் வீங்குகிறது, எஸ்.ஜி.பி.டி. ஏறுகிறது, கண் மஞ்சளாகிறது. நாம் அறிகுறி என்று சொல்வதெல்லாம் நம் உடம்பு போராடுவதன் அடையாளம். போராட்டம் இல்லையென்றால் அறிகுறியும் இல்லை.

பிறந்த குழந்தையின் உடம்பில் இந்தப் போராட்டம் நடப்பதில்லை. அதன் எதிர்ப்பு சக்திக்கு இன்னும் எது தன்னுடையது, எது அந்நியம் என்ற தெளிவு வரவில்லை. வைரஸை அது கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது. இந்த நிலை இருபது, முப்பது வருடம்கூட நீடிக்கலாம். அந்தக் காலத்தில் ரத்தத்தில் வைரஸ் கோடிக்கணக்கில் இருக்கும், எஸ்.ஜி.பி.டி. துளிகூட ஏறியிருக்காது, ஆள் ஓடியாடித் திரிவார். அதாவது, மிக அதிகமாகப் பரப்பக்கூடிய பருவமும் மிக ஆரோக்கியமாகத் தோன்றும் பருவமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. ஆகவே, முகத்தைப் பார்த்தோ நாக்கைப் பார்த்தோ கண்ணைப் பார்த்தோ ஒருவரிடம் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது, மருத்துவராலும் முடியாது. ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

தொற்றிய வயதுதான் பெரும்பாலும் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பிறக்கும்போது தொற்றினால் 100-க்கு 90 பேருக்கு வாழ்நாள் தொற்றாகிவிடும். ஐந்து வயதுக்குள் என்றால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு. பெரியவர்களுக்கு 5 சதவீதத்துக்கும் குறைவு. உங்களுக்கு இது நாள்பட்ட தொற்றுதானா என்று உறுதியாகச் சொல்ல, ஆறு மாதம் கழித்தும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவாகவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆன்டி எச்.பி.சி. ஐ.ஜி.எம். என்ற பரிசோதனையை இப்போதே செய்தால், புதிய தொற்றா பழையதா என்று ஓரளவு தெரிந்துவிடும். காமாலை வந்ததே இல்லை, எஸ்.ஜி.பி.டி.யும் பெரிதாக ஏறவில்லை என்பதால், இது பழையது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பழையது என்றால் எவ்வளவு பழையது? உங்கள் மனைவி கேட்காமல் கேட்கும் கேள்விக்கு இங்கேதான் பதில். 33 வயதில், எந்த அறிகுறியும் இல்லாமல், நாள்பட்ட தொற்றோடு ஒருவர் இருக்கிறார் என்றால், அது கைக்குழந்தையாக இருந்தபோது வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். திருமணத்துக்குப் பிறகு எங்கோ போய் வாங்கிவந்தது என்ற கதைக்கு மருத்துவம் சாட்சி சொல்லவில்லை. பெரியவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலும் சில மாதங்களில் அது போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் மனைவி இதைப் படிக்கிறார் என்றால் அவரிடம் நேரடியாகவே சொல்கிறேன்: அம்மா, இந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து உங்கள் கணவரின் ஒழுக்கத்தை எடைபோட முடியாது. எடைபோட நினைத்தால் தவறான முடிவுக்கே போய்ச் சேருவீர்கள். முடிந்தால் அடுத்த முறை மருத்துவரிடம் இருவரும் சேர்ந்தே போங்கள்.

நீங்கள் பிறந்த காலத்தில் பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி கிடைக்கவில்லை. எல்லா நாடுகளும் இதைக் குழந்தைகளுக்கான தடுப்பூசிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு சொன்னதே 1992-ல்தான். நடைமுறைக்கு வர இன்னும் பல வருடம் ஆனது. தாயின் ரத்தத்தில் வைரஸ் அதிகமாக இருந்து, குழந்தைக்கு ஊசி எதுவும் போடாவிட்டால், 100 குழந்தைகளில் 70 முதல் 90 வரை தொற்றிக்கொள்ளும். தாய் அல்லாமல், கூடப்பிறந்தவர்கள், சரியாகக் கொதிக்கவைக்காத ஊசி ஆகியவற்றாலும் சிறு வயதில் வந்திருக்கலாம்.

ஆகவே உங்கள் அம்மாவும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கூடப்பிறந்தவர்கள் ஒருவர் விடாமல் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்கிறீர்கள் என்பது முக்கியம். "உன்னிடமிருந்துதான் எனக்கு வந்தது" என்று தொடங்கிவிடாதீர்கள். இன்று உங்களுக்குத் தனித் தட்டு வைத்திருப்பவர், நாளை தன் ரத்தத்திலேயே இது இருப்பது தெரிந்தால் உடைந்துபோவார். அவருக்கும் யாரோ ஒரு தாயிடமிருந்து வந்திருக்கலாம். அவரும் அறிந்து எதையும் செய்யவில்லை. "இந்த வயதில் கல்லீரலைப் பார்த்துக்கொள்வது உங்களுக்கு நல்லது, வாருங்கள் சேர்ந்தே போவோம்" என்று அழைத்துப் போங்கள். அவருக்கு இருந்தால், வயதைக் கருதி அவருக்குத்தான் கவனிப்பு உங்களைவிட அவசரமாகத் தேவைப்படும்.

உங்களைப்போல் உலகத்தில் எத்தனை பேர் என்றால், உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2022-ல் 25 கோடியே 40 லட்சம் பேர் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றோடு வாழ்ந்தார்கள். அவர்களில் தங்களுக்கு இருப்பதை அறிந்தவர்கள் வெறும் 13 சதவீதம். மற்ற 87 சதவீதம் பேரும் ரத்தம் கொடுக்காதவரை, கர்ப்பம் தரிக்காதவரை, ஓர் அறுவை சிகிச்சைக்குப் போகாதவரை தெரியாமலே இருக்கிறார்கள். அதே ஆண்டில் இந்நோயால் இறந்தவர்கள் 11 லட்சம் பேர். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கும். இறந்தவர்களில் எத்தனையோ பேர், முன்பே தெரிந்திருந்தால் ஒரு நாளைக்கு ஒரு மாத்திரையில் பல்லாண்டு வாழ்ந்திருப்பார்கள்.

அறிகுறி காட்டாமல் ஒட்டிக்கொண்டிருப்பது இந்த ஒரு வைரஸின் குணம் மட்டுமல்ல. எச்.ஐ.வி. சிகிச்சையில்லாமலே பல வருடம் வெளியே தெரியாமல் இருக்கும். போலியோ தொற்றியவர்களில் ஏறக்குறைய 200-க்கு ஒருவருக்குத்தான் வாதம் வருகிறது. மற்றவர்களில் பெரும்பாலோர் எதையும் உணராமலே பரப்புவார்கள். எப்ஸ்டீன் பார் என்ற வைரஸ் பெரியவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் வாழ்நாள் முழுக்க உடம்பில் இருக்கிறது. வாயில் கொப்புளம் தரும் ஹெர்பிஸ், கொப்புளமே இல்லாத நாட்களிலும் பரவும். கொரோனா காலத்தில் இருமலுக்கு முந்தைய ஓரிரு நாட்களிலேயே பரவத் தொடங்கியதால்தான், காய்ச்சல் பார்த்து ஆளைப் பிரிக்கும் முறை பலிக்காமல் போனது. இதையெல்லாம் சொல்வது உங்களை ஆறுதல்படுத்த மட்டும் அல்ல. கிருமியைச் சுமப்பவர் என்று தனியாக ஒரு சாதி இல்லை. இதைப் படிக்கும் எல்லோருமே ஏதோ ஒன்றைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறோம். வேறுபாடு, உங்களுடையது எது என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்பதுதான்.

ஹெபடைடிஸ் பி கண்டுபிடிக்கப்பட்ட கதையும் இதற்குப் பொருத்தமானது. அமெரிக்க மருத்துவர் பாரூக் பிளம்பர்க் 1960-களில் கல்லீரல் நோயைத் தேடிப் போகவில்லை. வெவ்வேறு மக்களின் ரத்தப் புரதங்களில் உள்ள வேறுபாடுகளைத் தேடிக்கொண்டிருந்தார். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்த மாதிரியில் புதிய புரதம் ஒன்று கிடைத்தது. அதற்கு ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்று பெயர் வைத்தார். அது வைரஸின் மேலுறை என்பது பிறகுதான் புரிந்தது. உங்கள் ரிப்போர்ட்டில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்று இருப்பது அதேதான். 1976-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 28 இன்று உலக ஹெபடைடிஸ் தினம். ரத்த வங்கி உங்களைக் கண்டுபிடித்ததற்கும் அந்தக் கண்டுபிடிப்புதான் காரணம்.

இனி உங்கள் கல்லீரல். "ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று சொன்ன மருத்துவரோடு நான் உடன்படவில்லை. இன்றைக்கு மருந்து வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் அது சரியாக இருக்கலாம். ஆனால் ஒரு எச்.பி.எஸ்.ஏ.ஜி.யையும் ஒரு எஸ்.ஜி.பி.டி.யையும் மட்டும் வைத்து உங்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கக் கூடாது. வைரஸ் அடங்கியிருப்பவருக்கும், வைரஸ் கோடிக்கணக்கில் இருந்தும் உடம்பு அதைக் கண்டுகொள்ளாமல் இருப்பவருக்கும், அந்த இரண்டு பரிசோதனைகளும் ஒரே முடிவைத்தான் காட்டும். இருவருடைய எதிர்காலமும் வேறு வேறு.

அந்த 38-ஐப் பற்றியும் சொல்ல வேண்டும். பல ஆய்வகங்கள் 40 அல்லது 50 வரை நார்மல் என்று அச்சிடுகின்றன. உலக சுகாதார அமைப்பின் 2024 வழிகாட்டி ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19 என்று எல்லையைக் குறைத்திருக்கிறது. அந்த அளவில் பார்த்தால் உங்களுடையது சற்று மேலே இருக்கிறது. பயப்படும் எண் இல்லை. எடை கூடுதலாக இருந்தாலோ கொழுப்புக் கல்லீரல் இருந்தாலோகூட இவ்வளவு வரும். ஆனாலும் காரணம் என்ன என்று பார்க்காமல் விடக்கூடாது.

ஆகவே ஒரு கல்லீரல் மருத்துவரிடமோ குடல்-இரைப்பை மருத்துவரிடமோ போய், ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று சொல்லும் எச்.பி.வி. டி.என்.ஏ. அளவு, வைரஸ் தீவிரமாகப் பெருகுகிறதா என்று காட்டும் எச்.பி.இ.ஏ.ஜி., பிளேட்லெட் எண்ணிக்கை, வயிற்று ஸ்கேன், கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் ஆகியவற்றைக் கேளுங்கள். ஹெபடைடிஸ் சி, ஹெபடைடிஸ் டி, எச்.ஐ.வி. ஆகியவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுவார்கள். ஹெபடைடிஸ் டி என்பது, பி இருப்பவர்களை மட்டுமே தொற்றக்கூடிய இன்னொரு வைரஸ். சேர்ந்துகொண்டால் கல்லீரல் வேகமாகக் கெடும். ஹெபடைடிஸ் ஏ-க்கு எதிர்ப்பு இல்லையென்றால் அதற்கு ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

டி.என்.ஏ. 2,000 யூனிட்டுக்குக் கீழே, எச்.பி.இ.ஏ.ஜி. நெகட்டிவ், எஸ்.ஜி.பி.டி. சரியான அளவில் என்று ஒரு வருடத்துக்குள் மூன்று முறையாவது தொடர்ந்து வந்தால்தான் வைரஸ் அடங்கியிருக்கிறது என்று நாங்கள் சொல்வோம். ஒருமுறை பார்த்துச் சொல்வது ஊகம். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டும். அடங்கியிருப்பது நீறு பூத்த நெருப்புதான். நாற்பதிலும் ஐம்பதிலும், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மறுபடி கனலலாம். அப்போதும் அறிகுறி இருக்காது. கால் வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, மஞ்சள் காமாலையோடு ஒருவர் வருகிறார் என்றால், கல்லீரல் சுருங்கிப்போய்ப் பல வருடம் ஆகியிருக்கும்.

இந்த வைரஸுக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. மற்றக் கல்லீரல் நோய்களில் பெரும்பாலும் சிரோசிஸ் என்ற கல்லீரல் சுருக்கம் வந்த பிறகே புற்றுநோய் வரும். ஹெபடைடிஸ் பி-யில் சிரோசிஸ் இல்லாமலும் வரலாம். ஆகவே சிறு வயதில் தொற்றிய ஆண்களுக்கு நாற்பது வயதுக்கு மேலும், பெண்களுக்கு ஐம்பதுக்கு மேலும், ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் பார்க்கச் சொல்கிறோம். குடும்பத்தில் யாருக்காவது கல்லீரல் புற்றுநோய் வந்திருந்தால் உங்களுக்கு இப்போதே தொடங்க வேண்டியிருக்கும். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

மருந்து தேவைப்பட்டால் டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர், நாளுக்கு ஒரு மாத்திரை. வைரஸ் நகலெடுப்பதை அவை அநேகமாக நிறுத்திவிடும். கல்லீரலில் விழுந்த தழும்புகூடக் குறையும். ஆனால் செல்லின் கருவுக்குள் இருக்கும் மூல நகலை அவற்றால் எடுக்க முடியாது. அதனால் பெரும்பாலானவர்கள் நீண்ட காலம் சாப்பிட வேண்டியிருக்கும். நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தியதும் வைரஸ் பொங்கி எழுந்து கல்லீரல் செயலிழந்துபோவது உண்டு. மருந்தில்லாமலே எச்.பி.எஸ்.ஏ.ஜி. மறைந்துவிடுபவர்களும் இருக்கிறார்கள், ஆண்டுக்குச் சுமார் 100-க்கு ஒருவர். அதை நம்பிக் காத்திருக்க முடியாது, நடந்தால் மகிழ்ச்சி.

உங்களுக்கு இப்படி ஒரு ரிப்போர்ட் வந்திருப்பது தெரிந்ததும், மூன்றே மாதத்தில் நெகட்டிவ் ஆக்கித் தருகிறேன் என்று யாராவது வந்து நிற்பார்கள். தயவுசெய்து போகாதீர்கள். கலவை தெரியாத மூலிகை மருந்துகளே கல்லீரலைக் கெடுத்து, நல்ல நிலையில் இருந்தவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுவந்திருக்கின்றன. மதுவை முழுக்க விட்டுவிடுங்கள். இதில் அளவாகக் குடிக்கலாமா என்ற பேச்சுக்கே இடமில்லை. பூஞ்சை பிடித்த தானியத்தையும் கடலையையும் தொடாதீர்கள். அதிலுள்ள அஃப்ளடாக்சின் என்ற நஞ்சும் இந்த வைரஸும் சேர்ந்தால் புற்றுநோய் அபாயம் பல மடங்காகும். வேறு உணவுக் கட்டுப்பாடு எதுவும் வேண்டாம்.

எதிர்காலத்தில் எந்த நோய்க்காக எந்த மருத்துவரிடம் போனாலும், ஹெபடைடிஸ் பி இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். புற்றுநோய்க்கான கீமோதெரபி, ரிட்டுக்சிமாப் போன்ற ஊசிகள், நீண்டநாள் ஸ்டீராய்டு இவையெல்லாம் எதிர்ப்பு சக்தியை அடக்கும்போது, உறங்கிய வைரஸ் விழித்துக்கொள்ளும். முன்கூட்டியே சொன்னால் தடுப்பு மாத்திரை கொடுத்துவிட்டுச் சிகிச்சையைத் தொடங்குவார்கள். பல் மருத்துவரிடமும் சொல்லுங்கள். அலுவலகத்தில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. சாதாரண வேலை எதிலும் உங்களால் யாருக்கும் ஆபத்தில்லை.

கடைசியாக, யார் யாருக்குக் கொடுத்திருப்பேன் என்ற கேள்வி. இது உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்பது கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. நீங்கள் ரத்தம் கொடுத்தது இதுதான் முதல்முறை. அந்தப் பை யாருக்கும் ஏற்றப்படாமல் ஒதுக்கப்பட்டுவிடும், பரிசோதனை செய்வதே அதற்குத்தான். கூடச் சாப்பிட்டவர்கள், கை குலுக்கியவர்கள், பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள் யாருக்கும் உங்களிடமிருந்து எதுவும் போகவில்லை. சவர பிளேடைப் பகிர்ந்துகொண்ட அறைத்தோழர், முன்பு உறவிலிருந்தவர் என்று யாராவது இருந்தால் அவர்களிடம் சொல்லிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சொல்வது கடினம்தான். ஆனால் ரத்த வங்கி உங்களுக்குச் செய்த அதே உதவியைத்தான் நீங்கள் அவர்களுக்குச் செய்கிறீர்கள். தெரியாமல் நடந்ததற்கு நீங்கள் குற்றவாளி இல்லை. தெரிந்த பிறகு மனைவியையும் மகளையும் அம்மாவையும் பரிசோதனைக்கு அழைத்துப் போவது மட்டுமே உங்கள் பொறுப்பு.

தைவானில் 1984-ல், பச்சிளங்குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசியைப் போடத் தொடங்கினார்கள். அப்போது அங்கே குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்தத் தொற்று இருந்தது. ஊசி வந்த தலைமுறையில் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. குழந்தைகளுக்கு வரும் கல்லீரல் புற்றுநோயும் அதனுடன் குறைந்தது. உங்கள் வீட்டிலும் இது உங்கள் தலைமுறையோடு நிற்க எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

மனைவியின் மூன்று பரிசோதனை முடிவுகளும் உங்கள் டி.என்.ஏ. அளவும் கைக்கு வந்ததும் மறுபடி எழுதுங்கள். அதற்குள் கல்லீரல் மருத்துவரைப் பார்த்துவிட்டீர்கள் என்றால் அவர் எழுதித் தந்ததையும் சேர்த்து அனுப்புங்கள். எதைக் கேட்க மறந்துவிட்டீர்கள் என்று சேர்ந்து பார்ப்போம்.